நான் எடுக்காத ஆய்வுத் தலைப்பு

அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சர்வதேச உறவுகளும் பாதுகாப்பும் என்ற முதுகலைப் படிப்பில் எனக்கு இடம் கிடைத்தபோது, அது என்ன படிப்பு என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. எனக்கும் தெரியாது. இளங்கலையில் வரலாறு படித்திருந்தேன். நுழைவுத் தேர்வு எழுதிய பாடங்களில் இதில்தான் என் பெயர் வந்தது. கட்டணம் குறைவு, விடுதியும் உண்டு. செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற சாலையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. நைனா, அதாவது அப்பா, அதில் நெல்லும், மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற வேர்க்கடலையும் போடுவார். எதிர் வீட்டில் கேட்டபோது, வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களைப் பற்றிய படிப்பு என்று அம்மா சொல்லிவிட்டாள். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் சிரித்தான்.

அவன் என்னைவிட மூத்தவன். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, செஞ்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு பாய் வைத்திருக்கிற செல்போன் கடையில் வேலை பார்த்தான். திரை மாற்றுவது, ரீசார்ஜ் செய்வது, கோட்டை பார்க்க வந்து போனை உடைத்துக்கொள்கிறவர்களுக்கு அவசரத்துக்குச் சரிசெய்து கொடுப்பது என்று நாள் போகும். பாய்க்கு அவனைப் பிடிக்கும். ஆனால் படித்த படிப்புக்கு இது வேலை இல்லை என்று ஊரில் பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லி, அவனுக்கும் அது ஏறிவிட்டது.

கல்லூரி நண்பன் ஒருவன் மூலம் சென்னையில் ஒரு ஏஜெண்ட் அறிமுகமானான். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, தங்கும் இடமும் சாப்பாடும் இலவசம் என்றான். வேலைக்கான விசா இல்லாமல் சுற்றுலா விசாவில் ஏன் போகிறாய் என்று பாய் கேட்டார். நானும் விடுதியிலிருந்து போன் செய்து அதையேதான் கேட்டேன். அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம், எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள் என்று அண்ணன் எங்கள் இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னான். போய் இறங்கியதும் விமான நிலையத்தில் எடுத்த படம் ஒன்று வந்தது. கழுத்தில் புது ஹெட்போன் மாட்டியிருந்தான். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அந்தப் பருவத்தில் எங்களுக்கு அரசு சாராத ஆயுதக் குழுக்கள் பற்றி ஒரு தாள் இருந்தது. அதை நடத்திய பேராசிரியர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. மெதுவாகப் பேசுவார், வரைபடங்களைக் கையாலேயே கரும்பலகையில் வரைவார். தாய்லாந்துக்கும் மியான்மருக்கும் நடுவில் ஓடும் ஆற்றை அன்று வரைந்திருந்தார். வரைபடத்தில் ஒரு நாட்டின் நிறம் எல்லைக்கோடு வரை பூசியிருக்கும், அதிகாரம் மட்டும் பல இடங்களில் வழியிலேயே நின்றுவிடும் என்றார். தேர்வில் கேட்கக்கூடிய வாக்கியம் என்று அடிக்கோடிட்டுக்கொண்டேன்.

அதே வாரம் ஒரு நாள் மதியம் விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் வரிசையில் நிற்கும்போது, தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது.

"பாப்பா, நான் தாய்லாந்துல இல்ல. ஆத்தத் தாண்டி இந்தப் பக்கம் கூட்டினு வந்துட்டாங்க. பாஸ்போர்ட்ட புடுங்கிட்டாங்க. சுத்தி துப்பாக்கி வச்சினு நிக்கிறாங்க. நைனாகிட்ட சொல்லாத."

கூடவே இருக்கும் இடத்தைக் காட்டும் குறி ஒன்றையும் அனுப்பியிருந்தான். நான் அதைத் திறந்து படம் பிடித்துக்கொண்ட சற்று நேரத்திலேயே எல்லாவற்றையும் அழித்துவிட்டான். கரும்பலகையில் பார்த்த அதே வளைவு. ஆற்றின் இடது பக்கத்தில் ஒரு நீலப் புள்ளி.

தட்டை அங்கேயே வைத்துவிட்டுப் பேராசிரியரின் அறைக்கு ஓடினேன். அவர் என்னை உட்காரவைத்து, அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு தூதரகத்துக்கும், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைக் கவனிக்கும் சென்னை அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் எழுதச் சொன்னார். நான் எழுதியதில் "தயவுசெய்து காப்பாற்றுங்கள்" என்று மூன்று இடங்களில் இருந்தது. அதையெல்லாம் அடித்துவிட்டு, பாஸ்போர்ட் எண், போன தேதி, ஏஜெண்டின் எண், இடத்தின் குறி ஆகியவற்றை மேலே கொண்டுவந்தார். "அவங்க நாளெல்லாம் கெஞ்சற கடிதம்தான் படிக்கிறாங்க. நீ விவரம் குடு," என்றார். இரண்டு இடங்களிலிருந்தும் பதில் வந்தது. காவல் நிலையத்தில் குடும்பத்தார் புகார் கொடுத்து அதன் நகலை அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். அதனால் அண்ணன் சொல்லாதே என்றதை நைனாவிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

நான் ஊருக்கு வந்தபோது நைனா மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் கையில் இருந்த மூட்டையைக் கீழே வைத்தார். பிறகு அதையே மறுபடி தூக்கி வண்டியில் ஏற்றினார். மீதி மூட்டைகளையும் ஏற்றினார். அதற்கப்புறம்தான் முகம் கழுவிக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றார். வழியில் பாயும் கடையைச் சாத்திவிட்டு எங்களோடு வந்தார்.

அங்கே இருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். அந்த இடத்தில் என்ன வேலை என்றார். இணையத்தில் ஆட்களிடம் பழகி, நம்பவைத்து, பணத்தைப் போடவைத்து ஏமாற்றச் சொல்கிறார்கள், செய்யாவிட்டால் அடிக்கிறார்கள் என்று பேராசிரியர் எனக்கு விளக்கியிருந்ததைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"அப்போ உங்க அண்ணன் ஏமாந்தவரா, ஏமாத்துறவரா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. எந்தப் பிரிவில் எழுதுவது என்பதற்காகக் கேட்டார். பாய்தான் பதில் சொன்னார்.

"மொதல்ல ஏமாந்தான் சார். அதுலேர்ந்து எழுதுங்க."

புகாரை வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு மாதக் கணக்கில் காத்திருப்பு. அண்ணனிடமிருந்து எப்போதாவது இரண்டு வரி வரும், உடனே அழிந்துவிடும். நான் வகுப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருநாள் உடன் படிக்கும் மாணவர் ஒருவர் இணையக் குற்றங்களும் தேசியப் பாதுகாப்பும் என்ற தலைப்பில் படங்களைக் காட்டிப் பேசினார். அவருக்கு என் விஷயம் தெரியாது. அந்த மாதிரி வளாகம் ஒன்றின் படம் திரையில் வந்தது. உயரமான சுவர், மேலே முள்கம்பி, வரிசையாக ஜன்னல்கள். ஜன்னல் கம்பிகளில் துணி காயப் போட்டிருந்தார்கள். அவர் பேசிய ஒரு வார்த்தையும் என் காதில் விழவில்லை. ஒவ்வொரு ஜன்னலாக, அதில் காயும் ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த படத்துக்கு மாறியபோது, இன்னும் கொஞ்ச நேரம் வையுங்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் அங்கே வேறு கஷ்டம். ஒரு மாலை நைனா வரப்பில் உட்கார்ந்து என்னையும் உட்காரச் சொன்னார்.

"இதத்தானம்மா நீ படிக்கிற? எந்த நாடு எந்த நாட்டுகூட இன்னா பேசும்னு உனக்குத் தெரியும்ல. யாருகிட்டப் போனா விடுவாங்க?"

நான் விளக்கினேன். அந்த இடம் பேருக்குத்தான் மியான்மர், அந்த அரசாங்கத்தின் பேச்சு அங்கே எடுபடாது என்றேன். இடத்தைக் கையில் வைத்திருப்பது ஒரு ஆயுதக் குழு, அவர்களோடு நம் அரசாங்கம் நேரடியாகப் பேச முடியாது, தாய்லாந்து வழியாகத்தான் எதுவும் நடக்க வேண்டும், தாய்லாந்துக்கு அதில் தன் கணக்கு ஒன்று இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். தேர்வில் எழுதியிருந்தால் நல்ல மதிப்பெண் வந்திருக்கும். நைனா குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார்.

"சரிம்மா," என்றார். "யாருகிட்டப் போனா விடுவாங்க?"

அம்மா என்னிடம் எதையும் கேட்கவில்லை. அவள் அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு தடவை நானும் கூடப் போனேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் சிறப்புப் பேருந்துக்கு மதியமே கூட்டம் நெருக்கியது. ஏறி, உட்கார இடம் இல்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது போன் அதிர்ந்தது. இந்த மாதம் கொடுத்த டார்கெட் முடியவில்லை, கரண்ட் வைத்தார்கள், இடது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை என்று எழுதியிருந்தான். கூட்டத்தில் என்மேல் சாய்ந்து நின்றிருந்த அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னா சொல்றான்?"

"சாப்ட்டானாம்," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசியில் அவன் விடுபட்டது எங்கள் யாருடைய முயற்சியால் என்று சொல்ல முடியாது. பல நாடுகள் நெருக்கியதில், அந்த ஆயுதக் குழு வளாகங்கள் சிலவற்றைக் காலி செய்தது. உள்ளே இருந்தவர்களை லாரிகளில் ஏற்றிப் பாலத்தைக் கடக்கவைத்தார்கள். அண்ணன் தாய்லாந்து முகாம் ஒன்றிலிருந்து யாரிடமோ போன் வாங்கிப் பேசினான். உயிரோடு இருக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. "வரேன்," என்று மட்டும் சொன்னான். பிறகு நம் அரசாங்கம் விமானம் அனுப்பி அழைத்து வந்தது. இறங்கியதும் விசாரணை. சில நாள் கழித்து விட்டார்கள். திண்டிவனத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கியவனை நைனா வண்டியில் கூட்டி வந்தார்.

மெலிந்திருந்தான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அம்மா போட்ட சாதத்தைக் குனிந்தபடியே வேகமாகச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் அம்மாவைப் பார்த்து, "பாத்ரூம் போலாமா?" என்று கேட்டான். அம்மா முதலில் அதைப் புரிந்துகொள்ளவில்லை. அது அவன் வீடு. போகலாம் என்று அவள் சொல்லும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான். நைனா எழுந்து வெளியே போய்விட்டார். என் போனில் செய்தி வருகிற ஓசை கேட்டால் அண்ணனின் தோள் இரண்டும் தூக்கிக்கொள்ளும். நான் அதை ஓசையில்லாமல் வைத்துக்கொள்ளப் பழகினேன்.

நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியபோது இறுதி ஆய்வேட்டுக்குத் தலைப்பு கொடுக்க வேண்டிய நேரம். பேராசிரியர் அண்ணனைப் பற்றி விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கி, இதையே எடுக்கலாமே என்றார். புத்தகத்தில் இல்லாத செய்தி, நேரில் பார்த்தவரின் வாக்குமூலம், எங்கள் துறையில் வேறு எந்த மாணவருக்கும் கிடைக்காதது என்றார். உங்கள் அண்ணனுக்கு முழுச் சம்மதம் என்றால் மட்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. உண்மையில் அவர் சொன்னபோது எனக்கு உள்ளே ஒரு பரபரப்பு வந்தது. அன்று மாலையே கேள்விகள் தயாரித்துவிட்டேன்.

ஊருக்கு வந்து, மோட்டார் கொட்டகையில் அண்ணன் தனியாக இருக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை.

"உங்க மேடத்துக்கு இன்னா வேணும்? அவங்க என்னை இன்னா பண்ணாங்கன்னா, நான் இன்னா பண்ணேன்னா?"

"ரெண்டும்," என்றேன்.

அவன் நீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தான். அங்கே மொழி வாரியாக ஆட்களைப் பிரித்திருந்தார்கள். தமிழ் தெரிந்ததால் தமிழ் பேசுகிறவர்களை ஏமாற்றும் வேலை அவனுக்கு. அவனுக்கு ஒரு பெண்ணின் வேடம் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் அழகுசாதனக் கடை வைத்திருக்கிற, விவாகரத்தான ஒரு பெண். அவளுடைய படங்கள் நூற்றுக்கணக்கில் தயாராக இருந்தன. கோயிலுக்குப் போவது, தோசை சுடுவது, மழையில் குடை பிடித்து நிற்பது. அந்தப் பெண்ணாக அவன் நாளெல்லாம் தட்டச்சு செய்ய வேண்டும். தவறான எண்ணுக்கு அனுப்பியதுபோல் ஒரு வணக்கத்தில் தொடங்க வேண்டும். பதில் போட்டவர்களில் ஒருவர் கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிற பெரியவர். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்துவிட்டார்.

"டெய்லி காலைல சாப்டீங்களான்னு போடுவேன். அவரும் திருப்பிக் கேப்பாரு. மாடியில கத்திரிச்செடி வச்சிருக்காரு, அது காய்ச்சா போட்டோ அனுப்புவாரு. சுகர் மாத்திரை போட மறந்துட்டேன்னு சொல்லுவாரு, நான் திட்டுவேன். அங்க இருந்தப்ப என்னை சாப்டியான்னு கேட்ட ஆளு அவரு ஒருத்தருதான் பாப்பா. நான் அவரு மெசேஜுக்குக் காத்துனு இருப்பேன்."

பிறகு அந்தப் பெரியவர் சேமிப்பு முழுவதையும் அவர்கள் காட்டிய போலி முதலீட்டில் போட்டார். பெரிய தொகை வந்தால் அந்தக் கூடத்தில் மணி அடிப்பார்களாம், எல்லோரும் எழுந்து கைதட்ட வேண்டுமாம்.

"அன்னைக்கி எனக்கு கோழி பிரியாணி குடுத்தாங்க," என்றான். "சாப்ட்டேன்."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "இத எழுதாத பாப்பா," என்றான். எழுதமாட்டேன் என்றேன்.

இது முடிந்து சில நாட்களில், நான் இன்னும் ஊரில் இருக்கும்போதே, அவன் என் போனைக் கேட்டான். வந்ததிலிருந்து அவன் போனைத் தொட்டதே இல்லை. அந்தப் பெரியவரின் எண் அவனுக்கு மனப்பாடம். விசாரணையின்போது அதை அதிகாரிகளிடமும் கொடுத்திருந்தான். எங்களுக்காகப் பேசிய வக்கீல் யாரையும் தொடர்புகொள்ள வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதை ஞாபகப்படுத்தினேன். தெரியும் என்றான். காதோடு வைத்துப் பேச அவனால் முடியவில்லை. ஒலிபெருக்கியில் போட்டுக் கட்டில்மேல் வைத்தான்.

நிதானமான ஒரு குரல் ஹலோ என்றது. அண்ணன் வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. பிறகு அந்தக் குரல் தாழ்ந்துபோய்க் கேட்டது.

"நீயாம்மா? நல்லாருக்கியா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். போனை நிறுத்திவிடுவான் என்று நினைத்தேன்.

"சார், நான் பொண்ணு இல்ல சார்," என்றான். "நான்தான் சார் உங்ககிட்ட பேசுனது. அடிச்சிப் பேச வச்சாங்க. நான் செஞ்சிக்காரன் சார்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது கேட்டது. அண்ணன் மன்னிப்பு கேட்டான். பணத்தைப் பற்றி ஏதோ சொல்லப் போனான். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"அப்போ அந்தப் போட்டோவெல்லாம் யாருதுங்க?" என்றார்.

"தெரியல சார்."

அவர் வைத்துவிட்டார். மறுநாள் அண்ணன் மறுபடி முயற்சி செய்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்கடுத்த நாள் அவர் எங்கள் எண்ணைத் தடுத்துவிட்டிருந்தார். அந்தப் படங்களில் இருந்தவள் யார் என்பதை அண்ணன் அதற்கு முன் யோசித்ததே இல்லை என்றான். அவளும் தன்னைப்போல எங்கேயோ அடைபட்டு, படத்துக்கு நிற்கவைக்கப்பட்ட ஒரு பெண்ணாக இருக்கலாம் என்றான். அன்றிலிருந்து அவன் சரியாகத் தூங்கவில்லை. விழுப்புரத்தில் ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போய்க் காட்டினோம். மாத்திரை கொடுத்தார். ஓரளவு கேட்டது.

நான் வேறு தலைப்பு எடுத்தேன். எல்லைக்கோடாக ஓடும் ஆறு திசை மாறினால், நடுவில் புதிதாக எழும் மணல்திட்டு எந்த நாட்டுக்குச் சொந்தம் என்பது பற்றி. அதற்கு அதே ஆற்றை எடுத்துக்கொண்டேன். ஒப்பந்தங்கள், வரைபடங்கள், பழைய தகராறுகள் என்று நூலகத்திலேயே முடிந்துவிடும் வேலை. பேராசிரியர் தலைப்பைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். வாய்மொழித் தேர்வு சுமாராகப் போனது. நல்ல உழைப்பு, ஆனால் உயிர் இல்லை என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சொன்னார்.

ஆய்வேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அண்ணன் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டான். அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சொன்னேன். அவன் கடைசிவரை கேட்டான்.

"ஆறு இருக்குது. ஆளு ஒருத்தரும் இல்லியே."

"நீதான வேணான்னு சொன்ன."

"ஆமா, சொன்னேன்," என்றான். பக்கங்களைப் புரட்டி ஒரு வரைபடத்தில் நிறுத்தி, விரலை வைத்தான். "இங்கதான் எறக்குனாங்க. தண்ணி முட்டிக்குக்கூட வரல."

இப்போது அவன் பாயின் கடைக்குப் போவதில்லை. பாய் இரண்டு முறை வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். போனைக் கழற்றுவது மட்டும் செய், ஆளோடு பேச வேண்டாம் என்றார். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறான். நிலத்தைத்தான் பார்த்துக்கொள்கிறான். ஏஜெண்டைப் பிடித்துவிட்டார்கள். பெரியவரின் மகன் கொடுத்த புகாரில் தனியாக ஒரு வழக்கு நடக்கிறது. அதில் அண்ணனைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதா, குற்றவாளியாகச் சேர்ப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. நான் படித்த எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வக்கீலிடம் கேள்வி கேட்டுப் பார்க்கிறேன். அவரும் என்னைப்போலவே சுற்றிச் சுற்றி விளக்குகிறார். நைனா அவரிடமும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறார்.

அடுத்த விசாரணைக்குக் கோயம்புத்தூர் போக வேண்டும். அந்தப் பெரியவரும் வருவார் என்று சொல்லியிருக்கிறார்கள். துணைக்கு யாரும் வேண்டாம் என்றுதான் அண்ணன் சொன்னான். நைனா என்னைப் போகச் சொல்லிவிட்டார். நேற்று அண்ணன் அம்மாவிடம் எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போவது என்று கேட்டான். அவள் பீரோவிலிருந்து இரண்டை எடுத்துக் கொடுத்தாள். இரண்டையும் கட்டில்மேல் விரித்து வைத்துவிட்டு, எதையும் எடுக்காமல் நின்றுகொண்டிருந்தான்.